கழுத்தில் இரண்டு கோடு

1. ஆடி மாதத்து வாடிக்கையாளர்

வேலூர்க் கோட்டைக்குப் பக்கத்தில் நான் படம் பிடிக்கிற ஆபரேட்டராக இருந்த ஸ்டுடியோவுக்கு மூன்று விதமான வாடிக்கை உண்டு. கல்யாணம் ஆனவர்கள், பரீட்சை பாஸானவர்கள், செத்துப்போனவர்கள். மூன்றாவது ரகம் வர மாட்டார்கள், நாம்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எனக்குப் பிடித்த வேலை அதுதான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மற்றவர்கள் கண்ணைச் சிமிட்டுவார்கள், தலையைத் திருப்புவார்கள், இன்னொரு பிளேட் கேட்பார்கள். செத்தவர் ஆடாமல் அசையாமல் உட்காருவார், ஒரே பிளேட்டில் வேலை முடிந்துவிடும். எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று என் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

இப்போது கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அப்போது கேமரா என்பது ஒரு மரப்பெட்டி, மூன்று கால், தலையில் போர்த்திக்கொள்ளக் கறுப்புத் துணி. கண்ணாடி பிளேட்டை டார்க் ஸ்லைடு என்கிற வெளிச்சம் புகாத சட்டத்தில் போட்டு ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். ஒரு தடவை போனது போனதுதான்.

ஆடி மாதம் எங்களுக்குப் பட்டினி மாதம். கல்யாணம் கிடையாது, கடை ஈ ஓட்டும். அப்படி ஒரு ஆடியில், காக்கிக் கோட்டும் நகக்கண்ணில் கரியுமாக ஒருவர் உள்ளே வந்து, பறவை ஒன்றைப் படம் பிடிக்க வேண்டும் என்றார். எங்கள் முதலாளி நாயுடு, வளர்த்த கிளி செத்துவிட்டதாக்கும் என்று நினைத்து, குரலில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார்.

"கொண்டாந்திருக்கீங்களா?"

"அது ஆம்பூர் அவுட்டர் சிக்னலாண்ட இருக்குதுங்க. நீங்கதான் வரணும்."

அவர் பெயர் ஆரோக்கியசாமி. ஜோலார்பேட்டை இன்ஜின் ஷெட்டில் கூட்ஸ் வண்டி டிரைவர். முதலாளி என்னைப் பார்த்தார். வெளியே போகிற வேலை என்றால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பேன் என்று அவருக்குத் தெரியும்.

2. கூட்ஸ் டிரைவரின் கண்

ஆரோக்கியசாமி அண்ணன் சொன்ன கதை இது. மெயில் வண்டி டிரைவருக்கு ஓடுவது வேலை, கூட்ஸ் டிரைவருக்கு நிற்பது வேலை. மெயிலுக்கு வழிவிட்டு, பாசஞ்சருக்கு வழிவிட்டு, கை இறங்காத சிக்னலைப் பார்த்துக்கொண்டு அவுட்டரில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். மற்ற டிரைவர்கள் அந்த நேரத்தில் பீடி பிடிப்பார்கள், கரி தள்ளுகிற ஃபயர்மேனைத் திட்டுவார்கள். இவர் பறவை பார்ப்பார். சின்ன வயதில் பழவேற்காடு பக்கத்துப் பாதையில் ஃபயர்மேனாக இருந்தபோது உப்பங்கழியில் பூநாரைக் கூட்டம் இறங்குவதைப் பார்த்துப் பிடித்த பைத்தியமாம். ஜோலார்பேட்டைக்கு மாற்றலாகி வந்தும் விடவில்லை. பறவைப் படம் போட்ட பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

ஆம்பூர் அவுட்டருக்குப் பக்கத்தில் அப்போது ஆவாரம் புதரும் களாச்செடியும் மண்டிய தரிசு ஒன்று இருந்தது. ஆம்பூர் தோல் ஷாப்புகளுக்குத் தோல் பதனிட ஆவாரம்பட்டை அங்கேயிருந்தும் போகும். அங்கே ஒரு கரையான் புற்று. விடியும் நேரத்தில் அதற்குப் பக்கத்து வெற்றுத்தரையில் ஒரு பறவை வந்து கரையான் பொறுக்கியதை அவர் இன்ஜினில் நின்றபடி பார்த்திருக்கிறார். கௌதாரி உயரம், நீளக் கால், மண் நிறம். கழுத்துக்குக் கீழே இரண்டு கோடு, நடுவில் வெள்ளை. ஒரு தடவை அல்ல, பல தடவை பார்த்திருக்கிறார். பட்டை உரிக்க வருகிற தெலுங்குக்காரர்கள் அதைக் கலிவிகோடி என்றார்களாம், களாப்புதர்க் கோழி என்று அர்த்தம். புத்தகத்தைப் பார்த்தால், இந்தப் பறவையை ஒரு தலைமுறையாக யாரும் பார்க்கவில்லை என்று போட்டிருந்தது.

பம்பாயில் பறவை சாஸ்திரம் படித்த ஒரு துரைக்கு எழுதிப் போட்டார். சுட்டு அனுப்பு, இல்லையென்றால் படம் அனுப்பு, வாய்ச்சொல்லை எடுத்துக்கொள்ள முடியாது என்று பதில் வந்தது. சுட மனசு வரவில்லை. விஷயம் ஷெட்டில் பரவியது. அங்கேதான் வினை. ரயில்வேயில் டிரைவர்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனை உண்டு. எழுத்துப் பலகை படிக்க வேண்டும், இருட்டறையில் விளக்கு நிறம் சொல்ல வேண்டும். தவறினால் இன்ஜினை விட்டு இறக்கிவிடுவார்கள். அண்ணனுக்கு அந்தப் பரிசோதனை வருகிற சமயம். ஊரில் இல்லாத பறவை இவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது என்றதும் கிண்டல் ஆரம்பித்துவிட்டது. எல்லாருக்கும் கண்ணில் பூ விழும், ஆரோக்கியத்துக்குப் பறவை விழுந்திருக்கிறது என்றார்கள். சிரித்துக்கொண்டே சொன்னது ஷெட் ஃபோர்மேன் காதுக்குப் போக, அவர் சிரிக்கவில்லை. இந்த ஆளின் பார்வையை இந்தத் தடவை நன்றாகப் பாருங்கள் என்று டாக்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"படம் வந்திச்சுன்னா எல்லார் வாயும் மூடிக்கும் தம்பி," என்றார் அண்ணன். "இஞ்ஜினவுட்டு எறக்கிட்டா நான் இன்னா பண்ணுவேன்? கேட்ல கொடி புடிச்சுக்கினு நிப்பேனா? எனக்கு வேற எதுவும் தெரியாது."

பேச்சில் கெஞ்சல் இல்லை. ஆனால் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

3. தோல் கூடாரம்

பறவையைப் படம் பிடிப்பது என்றால் என்னவென்று முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. உட்கார வேண்டும். வெறுமனே உட்கார வேண்டும். இருமக்கூடாது, சொறியக்கூடாது, எறும்பு கடித்தால் ஆண்டவனை நினைத்துக்கொள்ள வேண்டும். ஊரில் அவ்வளவு பேர் இருக்க இந்த வேலைக்கு என்னையா தேர்ந்தெடுத்தான் கடவுள் என்று எனக்கு அழுகையே வந்தது.

ஆம்பூரில் ஒரு தெரிந்த வீட்டில் ராத்தங்கி, விடிவதற்கு முன் தண்டவாளத்தோடு நடந்து புற்றுக்குப் போய்விடுவேன். புற்றிலிருந்து நாலு கஜத்தில் கேமரா. அதற்கு ரப்பர் குழாய் மாட்டி, குழாயின் மறுமுனையில் உள்ள பல்பை, அழுத்தினால் ஷட்டர் திறக்கிற ரப்பர் உருண்டையை, கையில் பிடித்தபடி ரயில்பாதைக் கரைக்குப் பின்னால் நான் படுத்திருக்க வேண்டும். பறவை புற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் பல்பை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். சொல்லும்போது சுலபம்.

முதல் தொல்லை, கேமராவை மறைப்பது. ஆவாரங்கிளையை வெட்டிப் போர்த்திப் பார்த்தேன். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், ஆவாரங்கிளை நிற்குமா? ஒவ்வொரு காற்றுக்கும் லென்ஸ் முன்னால் வந்து ஆடியது. அப்புறம்தான் ஒரு யோசனை வந்தது. ஆம்பூரில் தோலுக்கா பஞ்சம்? தோல் ஷாப் மேஸ்திரி ஒருவர் எனக்குத் தோஸ்த். கழித்துப் போட்ட ஆட்டுத்தோல் நாலைந்தை அவரிடம் வாங்கி, தைத்து, கேமராவுக்கு ஒரு கூடாரம் செய்துவிட்டேன். மண் நிறம், கனம், காற்றுக்கு அசையாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தத் தோலில் சதை சரியாக வழித்திருக்கவில்லை. வெயில் ஏறியதும் முதலில் ஒரு காக்கா வந்தது. பிறகு அதன் சொந்தபந்தம். பிறகு பருந்துகள் மேலே வட்டம் போட்டன. ஒன்று இறங்கி நேராகக் கூடாரத்தின் மேல் உட்கார்ந்து கொத்த ஆரம்பித்தது. கடைசியில் எங்கிருந்தோ இரண்டு நாய்கள் வந்து கேமராவைக் காலோடு இழுத்துக்கொண்டு போகப் பார்த்தன. நான் கல்லை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த நேரம் பார்த்து அண்ணனின் கூட்ஸ் அவுட்டரில் வந்து நின்றது. இன்ஜினிலிருந்து எட்டிப் பார்த்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஊர்ல இருக்கற பறவ எல்லாம் வந்திச்சுபோல. நம்முது மட்டும்தான் பாக்கியா?"

அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

4. ஒரே ஒரு பிளேட்

தோலை வீசிவிட்டு, புற்றுமண்ணைக் குழைத்துக் கேமராப் பெட்டியின் மேல் பூசினேன். முதலாளி பார்த்திருந்தால் அன்றோடு என் சீட்டைக் கிழித்திருப்பார். ஆடி முடிகிற சமயம். ஆவணி பிறந்தால் கல்யாணக் கூட்டம், அப்புறம் எனக்கு அங்கே போக முடியாது. அண்ணனுக்கோ பரிசோதனைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். தினமும் வண்டியை ஆம்பூரில் நிறுத்தும்போது பிளாட்ஃபாரத்தில் என் முகத்தைத் தேடுவார். நான் தலையை ஆட்டுவேன், இல்லை என்று. அவர் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார். அது என்னை ராத்திரியில் தூங்கவிடாமல் அடித்தது.

ஒரு காலையில் காற்று நின்றிருந்தது. சூரியன் மலைக்கு மேலே வந்த நேரம். களாப்புதரின் அடியிலிருந்து அது ஓடி வந்தது. நாலு எட்டு ஓடும், நிற்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். ஓடி நின்று ஓடி நின்று என்னைப் போலவே ஒரு பிறவி. நான் படுத்திருந்த இடத்திலிருந்து பறவை என்பதும் நீளக் கால் என்பதும் தெரிந்தது. கோடு இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் எனக்குத் தெரியவில்லை. வெயில் எதிரே அடித்தது. புற்றுக்குப் பக்கத்தில் வந்ததும், மேலே பருந்தின் நிழல் ஓடியதோ என்னவோ, அப்படியே கல்லாகச் சமைந்து நின்றது. அழுத்தினேன். ஷட்டர் சத்தம் கேட்டு அது புதருக்குள் போய்விட்டது. அன்று ராத்திரியே வேலூர் வந்து பிளேட்டைக் கழுவினேன். சிவப்பு விளக்கில் பறவை எழுந்து வந்தது, கட்டைவிரல் நகம் அளவுக்கு, அசையாமல், தெளிவாக. ஹைப்போ மருந்தில் போட்டு அலசி, கோட்டைக்கூடத் தேடாமல் ஸ்டாண்டில் காய வைத்துவிட்டு, பசி தாகம் தெரியாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் ஒரு சாவு வீட்டு வேலை என்று முதலாளி என்னை ஆற்காட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் திரும்பி வருவதற்குள் பறவையின் பிரிண்ட் தயாராகி, அட்டையில் ஒட்டி, உறையில் போட்டு மேசையில் இருந்தது. பெரிதாக்கிய பிரிண்ட். இறகு இறகாகத் தெரிந்தது. நான் ஆனந்தக் கூத்தாடிவிட்டேன். ஒன்றைப் பம்பாய்க்கு அனுப்பினோம். இன்னொன்றை வாங்கிக்கொள்ள அண்ணன் வந்தார்.

வாங்கிப் பார்த்தார். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். திரும்பி வந்தார்.

"இது அது இல்லயே தம்பி."

கழுத்து வழவழவென்று வெள்ளையாக இருந்தது. கோடு ஒன்றுகூட இல்லை. முதலாளி பிரிண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, சார், மனுஷன் கண்ணு தப்பலாம், பிளேட்டு தப்புமா என்றார். நானும் பிளேட் பொய் சொல்லாது அண்ணே என்றேன். பத்து வருஷமாக நான் பிழைத்தது அந்த வாக்கியத்தில்தான். அண்ணன் என் முகத்தையும் பிரிண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

பம்பாயிலிருந்து பதில் சீக்கிரமே வந்தது. படம் மிக அழகு, ஆனால் இது தரிசில் ஓடுகிற சாதாரண வகை, நீங்கள் சொன்ன பறவைக்குக் கழுத்தில் இரண்டு கோடு இருக்க வேண்டும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

5. கருகமணி

ஆவணி பிறந்தது. வரிசையாகக் கல்யாண ஜோடிகள். பறவையை மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டேன், மறக்கவில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் போதும், அண்ணன் கண்ணைக் கசக்குவதுதான் தெரிந்தது.

ஒருநாள் குடியாத்தத்திலிருந்து ஒரு ஆவாரம்பட்டை வியாபாரி புயல் மாதிரி உள்ளே வந்தார். தெலுங்குக்காரர். போன வாரம் பெண்சாதியோடு வந்து படம் எடுத்துக்கொண்டவர். பிரிண்டை மேசையில் அடித்தார்.

"என் சம்சாரம் கழுத்துல கருகமணி எங்கய்யா? நான் குத்துக்கல்லாட்டம் நிக்கறேன், அதுக்குள்ள அறுத்துட்டீங்களா?"

பார்த்தேன். அந்த அம்மாள் கழுத்தை ஒட்டிக் கட்டியிருந்த கருகமணிச் சரம் படத்தில் இல்லை. பளிங்கு மாதிரி வெறும் கழுத்து. அவர்கள் வழக்கத்தில் கருகமணி இல்லாத கழுத்து என்றால் புருஷன் இல்லை என்று அர்த்தம். மனிதர் தன் கருமாதியைத் தானே பார்த்தது போல நடுங்கிக்கொண்டிருந்தார்.

இங்கே தேவராஜ் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ரீடச்சர். தலைக்கு மேலே ஜன்னல், முன்னால் சாய்ந்த மேசை, கீழே கண்ணாடி, கண்ணில் பூதக்கண்ணாடி. ஊசி முனை மாதிரி சீவிய பென்சிலால் நெகடிவ் மேலேயே வேலை செய்வார். முகச்சுருக்கம், அம்மைத் தழும்பு, கழுத்து மடிப்பு, இந்த மாதிரிக் கறுத்த கோடெல்லாம் நெகடிவில் தெளிந்த கண்ணாடியாக நிற்கும். அந்த இடத்தைப் பென்சிலால் நிரப்பிவிட்டால் பிரிண்டில் வெள்ளையாகி மறைந்துபோகும். அறுபது வயதுக்காரி நாற்பதாகி வெளியே போவாள். கழுத்து மடிப்போட ஒரு பொம்பளையும் நம்ம கடைய வுட்டுப் போனதில்ல என்பது அவருடைய பெருமை. நிழலில் மங்கலாக இருந்த கருகமணிச் சரத்தை மடிப்பு என்று நினைத்து நிரப்பிவிட்டார்.

முதலாளி வியாபாரியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. கழுத்து, கறுத்த கோடு, நிரப்பியது. கால் தானாக நெகடிவ் அலமாரிக்கு ஓடியது. பறவை பிளேட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்த்தால் பென்சில் பூச்சு மினுமினுக்கும். பறவையின் கழுத்தில் மினுமினுத்தது.

தேவராஜ் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே தலையை ஆட்டினார்.

"ஆமாம்பா, நான்தான் பண்ணேன். கழுத்துல ரெண்டு மடிப்பு வுழுந்து கெழவி மாரி இருந்திச்சு. நீ அவ்ளோ பாடுபட்டு எடுத்தியேன்னு சும்மா செஞ்சு குட்த்தேன்."

அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. எனக்கு உபகாரம் செய்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் கடையில் பென்சில் படாமல் ஒரு பிளேட்டும் வெளியே போகாது. பறவை மட்டும் எப்படித் தப்பும்? பஞ்சில் டர்பன்டைன் தொட்டு நானே துடைத்தேன். பூச்சு கரைந்தது. இரண்டு கோடு, நடுவில் வெள்ளை. ஆரோக்கியசாமி அண்ணன் எப்படிச் சொன்னாரோ அப்படியே. புதுப் பிரிண்ட் ஒன்று போட்டு, பிளேட்டையும் உறையில் எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், காட்பாடிக்கு ஓடி ஜோலார்பேட்டை வண்டி ஏறினேன்.

6. ஜோலார்பேட்டை

வண்டி நகரவே இல்லை என்று எனக்குத் தோன்றியது. குடியாத்தத்தில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஜன்னல் பக்கம் போவேன், கதவுப் பக்கம் வருவேன். எதிரே இருந்த பாட்டையா ஒருவர், தம்பிக்கு வயிறு பேஜாரா என்று கேட்டுவிட்டார். என் பயம் எல்லாம் பரிசோதனை முடிந்திருக்குமோ என்பதுதான்.

முடிந்திருந்தது. ஷெட்டுக்குப் போய்க் கேட்டால், ஆரோக்கியமா, கண்ணு டெஸ்ட்ல ஃபெயிலாய்ட்டான், வீட்டுல இருக்கான் என்றார்கள். ரயில்வே குடியிருப்பில் அவர் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டில் மேல் உட்கார்ந்து, துடைக்கத் தேவையில்லாத டிபன் கேரியரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மேரி அக்கா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

கண் அவ்வளவு மோசமா அண்ணே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"வெளக்கு தெரிஞ்சிச்சுப்பா. பச்சயாத்தான் தெரிஞ்சிச்சு. ஆனா அந்தப் பறவ கழுத்துல கோடு கூடத்தான தெரிஞ்சிச்சு? நெஜமா பச்சதானான்னு ஒரு சந்தேகம் வந்திடுச்சு. தெரியலன்னு சொல்லிட்டேன். ஒவ்வொண்ணுக்கும் அப்டித்தான். தப்பா சொல்லிட்டு இஞ்ஜின் மேல ஏறக்கூடாதுல்ல. நம்ம கண்ண நம்பித்தான எதிர்ல வர்ற பாசஞ்சர்ல அத்தன ஜனம் குந்தியிருக்கு."

நான் உறையிலிருந்து பிளேட்டையே எடுத்து அவர் கையில் கொடுத்தேன், பிரிண்டைக்கூட அல்ல. சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். நெகடிவில் எல்லாம் தலைகீழ். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும். கோடு இரண்டும் வெளிச்சமாகத் தெரியும். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் பிரிண்டைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். கருகமணிக் கதை வரைக்கும் சொன்னேன். கோபப்பட்டு ஒரு அறை விடுவார் என்று எதிர்பார்த்தேன், விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "மேரி, இங்க வா. இத்த பாரு. எத்தினி கோடு?"

மேரி அக்கா வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, குனிந்து பார்த்தார். "ரெண்டு," என்றார்.

அண்ணன் மூச்சை விட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஃபோர்மேனைப் பார்க்கக் கிளம்பினார். மேல் டாக்டரிடம் இன்னொரு தடவை பரிசோதனை கேட்டு மனுப் போட டிரைவர்களுக்கு உரிமை உண்டு. கிண்டல் செய்த ஷெட்காரர்களே அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்கும் உறுத்தியிருக்கும்.

7. பெரம்பூர்

பம்பாய்க்குப் புதுப் பிரிண்டை அனுப்பி, நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். ஒளித்திருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ. ஒரு தடவை பென்சில் பட்ட நெகடிவ் சாட்சியாகாது, கோட்டை அழிக்கத் தெரிந்த கடைக்குக் கோட்டைப் போடவும் தெரியும் என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. மறுபடி எடுக்கலாம் என்று ஆம்பூருக்குப் போனேன். அதற்குள் அந்தத் தரிசில் பட்டைக்காரர்கள் இறங்கி, ஆவாரத்தையும் களாவையும் சேர்த்து மொட்டையடித்திருந்தார்கள். புற்று மட்டும் நின்றது. அதற்குப் பிறகு பல வருஷம், எந்த வண்டியில் போனாலும் ஆம்பூர் அவுட்டரில் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பேன். பறவை தட்டுப்படவில்லை.

பம்பாய்ப் பதிலைச் சொன்னபோது அண்ணன், அவங்க நம்பலன்னா போவட்டும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் ஆறவில்லை.

பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனை. நானும் கூடப் போனேன். என்னை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேனா? அந்த வராந்தாவை நான் அளந்த அளவுக்குக் கட்டிய மேஸ்திரிகூட அளந்திருக்க மாட்டான். அண்ணன் வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அவரைக் கட்டிக்கொண்டு, அவர் காக்கிக் கோட்டில் இருந்த கரியெல்லாம் என் வெள்ளைச் சட்டையில் ஒட்ட, குழந்தை மாதிரி அழுதேன். உள்ளே நடந்ததை அவர் திரும்பி வருகிற வண்டியில் சொன்னார்.

பின்னால் நான் சொந்தமாக ஸ்டுடியோ வைத்தேன். தேவராஜ் அண்ணனையே ரீடச்சிங்குக்குக் கூட்டிவந்தேன், அவர் கைக்கு ஈடு கிடையாது. ஒரே ஒரு விதி. பென்சில் படாத முதல் பிரிண்டைப் படத்தில் இருக்கிறவரிடம் காட்டி, எதை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் பென்சிலை எடுக்க வேண்டும். அதனால் வேலை தாமதமாகும், பொறுமை இல்லாத எனக்கு அது நரகம். ஆனாலும் கேட்டேன். தழும்பை எடுக்காதே, அது என் புள்ள பொறந்தப்ப வந்தது என்று சொன்ன தாய்மார்கள் உண்டு. நீங்களும் கேளுங்கள். கண்ணால் பார்த்தவன் ஒருவன் எதிரே நின்று இது அது இல்லை என்று சொன்னால், பிளேட்டைக் காட்டி அவன் வாயை அடைக்காதீர்கள்.

அன்று பெரம்பூரில் ஆரோக்கியசாமி அண்ணனுக்கு உள்ளே நடந்தது இதுதான். எழுத்துப் பலகை முழுவதையும் கடைசி வரி வரை படித்திருக்கிறார். விளக்கு ஒவ்வொன்றுக்கும் டக் டக்கென்று நிறம் சொல்லியிருக்கிறார். பெரிய டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல கண்ணை வைத்துக்கொண்டு போன தடவை ஏன் எல்லாவற்றுக்கும் தெரியலை என்று சொன்னாய் என்று கேட்டாராம்.

"போன தடவ ஒரு போட்டோவ நம்பிட்டேங்க," என்றாராம் அண்ணன்.